கொறங்காட்டுக் காளானும் கீரையும்: டவுன் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கிளுவைவேலி (காங்கேயம்)
போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் விடியலில் அம்மாவோடு கொறங்காட்டுக்கு, அதாவது எங்கள் மேய்ச்சல் காட்டுக்குப் போனேன். வெள்வேல மரத்தடியில், கறையான் புற்றைச் சுற்றிக் காளான் வெடித்துக் கிடந்தது. குடையின் நடுவில் கூம்பு மாதிரி ஒரு முனை. தண்டை அசைத்து மெதுவாக இழுத்தால் மண்ணுக்குள்ளிருந்து வேர் போல நீளமாக வந்துகொண்டே இருக்கும். புற்றுக்குள் கறையான் வளர்க்கிற பூஞ்சையில் முளைப்பது இது. சிப்பிக்காளான் மாதிரி கொட்டகை போட்டு வளர்க்க முடியாது. சின்ன வெங்காயம், மிளகு, உப்பு போட்டு வதக்கினால் அதுவே தண்ணீர் விட்டு வெந்துவிடும்.

படத்தைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியதும் திருப்பூர், கோவையில் இருக்கிறவர்கள் எல்லாம் "எங்களையும் கூட்டிப் போங்க" என்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேரைக் கூட்டிப் போய்க் காளான், கீரை, பழம் எல்லாவற்றையும் காட்டலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு முப்பது கீரைக்குமேல் பெயர் தெரியும். எனக்குப் பன்னிரண்டு. என் மகளுக்கு முருங்கையும் அரைக்கீரையும்தான் தெரியும்.

இரவுப்பணி
அண்ணா, காளானைக் காட்டாதீர்கள். நான் செவிலியர், அவசரப் பிரிவில் இருக்கிறேன். ஒரு ராத்திரி நாலு பேர் கொண்ட குடும்பம் வந்தது. புல்தரையில் முளைத்த பெரிய வெள்ளைக் குடைக்காளானைச் சமைத்திருக்கிறார்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் நாலு பேருக்கும் வாந்தி. வெள்ளிக்காசு போட்டுப் பார்த்தார்களாம், கறுக்கவில்லை. மஞ்சள் போட்டார்களாம், நிறம் மாறவில்லை. அந்தச் சோதனை எதுவும் காளான் நஞ்சைக் காட்டாது. அந்தக் காளான் முதிர்ந்தால் குடைக்கு அடியில் இருக்கிற மடிப்புகளில் பச்சை ஓடும். இளசாக இருக்கும்போது வெள்ளைதான். நாலு பேரும் பிழைத்தார்கள்.

சீக்கிரம் வாந்தி வந்தால்கூடப் பரவாயில்லை. அமாட்டாக்சின் என்ற நஞ்சுள்ள காளானில் ஆறு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் அடுத்த நாள் காலையில்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருக்கும்போது உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

கிளுவைவேலி
அம்மா வெள்ளிக்காசை நம்புகிறவர் இல்லை. புற்று இருக்கிற இடம், நீளமான வேர், கூம்பு முனை, மூன்றும் சேர்ந்திருந்தால்தான் எடுப்பார். மொட்டாக இருப்பதைத் தொடமாட்டார். பயந்துகொண்டு யாருக்கும் சொல்லித்தராமல் விட்டால், அடுத்த தலைமுறை ஒன்றும் தெரியாமல் பறித்துத் தின்னும். உங்கள் வார்டுக்கு இன்னும் நிறையப் பேர் வருவார்கள்.

இரவுப்பணி
உங்கள் அம்மா எடுத்ததை நானே சாப்பிடுவேன். அவர் ஒரே காட்டில் நாற்பது ஐம்பது மழைக்காலம் பார்த்தவர். டவுனிலிருந்து வருகிறவர் ஒரே காலையில் பார்த்துவிட்டு, போனில் ஒரு படத்தோடு வீட்டுக்குப் போவார். அடுத்த மழைக்குத் தன் அபார்ட்மென்ட் புல்தரையில் எதையோ பார்த்து "அதே மாதிரி இருக்கே" என்பார். என் பயம் அதுதான்.

தொய்யக்கீரை (மூலனூர்)
நீங்கள் இருவரும் காளானையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். காளான் வருஷத்தில் நாலு நாள். எங்கள் அம்மா ஆடியிலிருந்து கார்த்திகை வரை சோளக்காட்டில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை கிள்ளிச் சந்தையில் கூறு கட்டி விற்கிறார். எங்கள் வீட்டுச் செலவில் பாதி அது. இருபது பேர் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். போன வருஷம் ஒரு கூட்டம் வந்தது. பண்ணைக்கீரையை வேரோடு பிடுங்கி, கையில் பிடித்துப் போட்டோ எடுத்துவிட்டு, பாதியை வண்டிப்பாதையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். நுனியில் நாலு இலையை நகத்தால் கிள்ளினால் பக்கத்தில் இரண்டு கொழுந்து வரும், அடுத்த மழைக்கு மறுபடி கிள்ளலாம். பூக்கதிர் விட்டதையும் விட்டுவைக்க வேண்டும், அடுத்த வருஷத்து விதை அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, களைக்கொல்லி. கிளைஃபோசேட் அடித்த செடி அன்றைக்கே வாடாது. நாலைந்து நாள் வரைக்கும் பச்சையாக நிற்கும். பார்வைக்கு நல்ல கீரைதான். அந்தக் காட்டுக்காரரைக் கேட்காமல் அம்மா ஒரு இலையைக் கூடத் தொடுவதில்லை. வருகிறவர்கள் யாரைக் கேட்பார்கள்?

இரவுப்பணி
மூலனூர் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு நிறைய இல்லையா?

தொய்யக்கீரை
ஆமாம் அக்கா, பந்தல் போட்டு விதைக்காக விளைவிக்கிறோம். செங்காந்தள் பூ அதுதான். வேலியிலும் தானாக ஏறிக் கிடக்கும். இலை நுனி கம்பிச்சுருள் மாதிரி சுருண்டு பிடிக்கும், கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வாயில் வைக்கக்கூடாது என்று.

இரவுப்பணி
டவுன் பிள்ளைக்குத் தெரியாது. சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் உண்டு. அதிலிருக்கிற கால்ச்சிசின் என்ற நஞ்சு முதலில் வயிற்றைப் புரட்டும். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரும். அண்ணா, கூட்டிப் போனால் எதைத் தின்னக்கூடாது என்பதை முதலில் காட்டுங்கள். குன்றிமணி, ஊமத்தை, கண்வலிக்கிழங்கு. அப்புறம் கீரை.

கிளுவைவேலி
சரி, காளான் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். இருபது பேரும் வேண்டாம், ஐந்து பேர் போதும். ஆனால் கீரையை விடமாட்டேன். பறிக்க ஆள் இல்லாத கீரைக்குப் பெயர் "களை" என்று ஆகிவிட்டது. பெயர் தெரியாத செடிக்கு மருந்தடிக்க யாருக்கும் கை கூசாது. என் மகள் முடக்கத்தானை வேலியில் பார்த்து, காய்க்குள் இருக்கிற கறுப்பு விதையில் வெள்ளையாக இதயம் மாதிரி ஒரு குறி இருப்பதைக் காட்டி, "அப்பா, இது தோசைக்குப் போடுறதுதானே" என்று கேட்டாள். போன மாதம் வரை அதைத் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தாள்.

தொய்யக்கீரை அம்மிணி, உங்கள் அம்மாவே வந்து கிள்ளிக் காட்டுவாரா? ஒருநாள் கூலி தந்துவிடுகிறோம்.

தொய்யக்கீரை
அம்மாவிடம் கேட்டேன். வருகிறாராம். கத்தி, அரிவாள் யாரும் கொண்டுவரக் கூடாதாம். உங்கள் பக்கத்துக் காட்டில் மருந்து அடித்தார்களா என்று கேட்கச் சொன்னார்.

கிளுவைவேலி
கேட்டுவிட்டேன். கிழக்கு வரப்பில் போன செவ்வாய்க்கிழமை அடித்திருக்கிறார்கள். முடக்கத்தான் இருக்கிற வேலியும் அதே பக்கம்தான். இந்த மழைக்கு அங்கே எதையும் தொடப்போவதில்லை. மேற்கே சோளக்காட்டில் மட்டும் கிள்ளலாம்.