பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) எறும்புக் கூடு: ஊற்றிய தண்ணீர் நிற்பதில்லை, கண்ணாடியில் மட்டும் நீர் கோக்கிறது. உதவி தேவை

சேலத்து எறும்பன்
வீட்டில் கட்டெறும்பு (காம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ்) வளர்க்கிறேன். ஒரு ராணி, இருபது வேலைக்கார எறும்புகள் வரை, கொஞ்சம் புழுக்கள், கூட்டுப்புழுக்கள். அடியில் தண்ணீர் நிரப்பிப் பஞ்சு அடைத்த டெஸ்ட் டியூபில் நன்றாக இருந்தன. இப்போது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் 20 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனத்தில் கூடு வார்த்து, மேலே கண்ணாடி போட்டு, டியூபை அதோடு இணைத்திருக்கிறேன். ஓரத்தில் சிறு குழி, அதில் சிரிஞ்சால் தண்ணீர் விடுகிறேன்.

20 மில்லி விட்டால் மறுநாளே பிளாஸ்டர் வெளுத்துக் காய்ந்துவிடுகிறது. கூடுதலாக விட்டால் விடியற்காலையில் கண்ணாடிக்கு உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. குழியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. ஒரு அறையில் பூசணம் வேறு. எறும்புகளோ டியூபை விட்டு நகர மறுக்கின்றன. இரை வைக்கும் டப்பாவில் உள்ள ஈரப்பத மீட்டர் 40% காட்டுகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

மழைப்பூச்சி
காய்ந்தால் தினமும் ஸ்பிரே பண்ணுங்க நண்பா. நான் அப்படித்தான் செய்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

புற்றுமண்
ஸ்பிரே வேண்டாம். மேற்பரப்பு நனையும், உள்ளே ஈரம் இறங்காது. ஒரு துளி நீர் ஒட்டிக்கொண்டாலே சின்னப் புழுவுக்கு ஆபத்து.

சேலத்து எறும்பன், மூன்று விஷயம் சொல்லுங்கள். கூட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்? எந்தத் தண்ணீர்? பிளாஸ்டரின் அடியும் பக்கங்களும் திறந்திருக்கின்றனவா?

சேலத்து எறும்பன்
ஹாலில் இன்வெர்ட்டர் மேல், தட்டையான இடம் அது ஒன்றுதான். போர் தண்ணீர். கண்ணாடி உள்ள மேல்பக்கம் தவிர எல்லாம் திறந்துதான் இருக்கிறது அண்ணா.

புற்றுமண்
அப்போது எவ்வளவு, எத்தனை நாள் என்ற கணக்கை ஓரமாக வையுங்கள். முதலில் கூட்டை இன்வெர்ட்டர் மேலிருந்து இறக்குங்கள். அது ஓடும்போதும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும்போதும் சூடாகும். அடியில் சூடு பட்ட பிளாஸ்டர் ஈரத்தை ஆவியாக விடும். விடியலில் ஹால் குளிரும்போது மெல்லிய கண்ணாடி முதலில் குளிர்ந்து, அந்த ஆவி அதில் போய்ப் படியும். பிளாஸ்டர் காய்வதும் கண்ணாடி வியர்ப்பதும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் காரணம் அந்தச் சூடுதான். தவிர, எறும்புக்கு அதிர்வு ஆகவே ஆகாது. இன்வெர்ட்டரின் ரீங்காரம் நமக்குக் கேட்காவிட்டாலும் அதற்குக் காலில் தெரியும்.

அடுத்தது, அடியும் நாலு பக்கமும். நீங்கள் ஊற்றுவதில் பெரும்பகுதி அறைகளுக்குப் போவதே இல்லை, வெளிச்சுவர் வழியாக ஹாலுக்குப் போகிறது. மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆறுகிறதே, அதே கதை. பிளாஸ்டரை நன்றாகக் காயவிட்டு, வெளிப்பக்கங்களுக்கு அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். பொறுமை இல்லையென்றால் பேக்கிங் டேப் போதும். பெயின்ட் வாசனை முழுக்கப் போன பிறகே டியூபை மறுபடி இணைக்க வேண்டும். குழியில் பஞ்சு அடைத்து மேலே ஒரு மூடி போடுங்கள்.

வெள்ளையாகப் பூப்பது தண்ணீரில் உள்ள உப்பு. நீர் ஆவியாகிப் போகும், உப்பு அங்கேயே தங்கும், போகப் போகத் துவாரங்களை அடைக்கும். சுரண்டிவிட்டு ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள்.

இனி முக்கியமான விஷயம். கூடு முழுக்க ஒரே ஈரமாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. குழிப் பக்கம் ஈரம், மறுகோடி காய்ந்தது, நடுவில் படிப்படியாக. எது வேண்டுமோ அதை எறும்பு தேடிக்கொள்ளும். பொதுவாக முட்டையும் சின்னப் புழுவும் ஈரப் பக்கம் போகும், கூட்டுப்புழுவைக் காய்ந்த பக்கம் தூக்கி வைக்கும். எல்லாம் ஈர ஓரத்தில் நெருக்கியடித்தால் தண்ணீர் போதவில்லை. எல்லாம் மறுகோடிக்கு ஓடினால் அதிகம். எனக்கு இதைவிட நம்பகமான மீட்டர் கிடையாது.

மீட்டரைச் சொன்னீர்களே, அது காட்டுவது டப்பாவின் காற்றை, கூட்டின் காற்றை அல்ல. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசையானால், ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சேறாகக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து ஒரு டப்பாவில் இறுக்கி மூடி ஓர் இரவு விடுங்கள். ஏறக்குறைய 75% காட்ட வேண்டும்.

பூசணம் வந்த அறையில் இரைத் துண்டு ஏதாவது கிடந்ததா பாருங்கள். எடுத்துப் போட்டுவிட்டுக் காயவிட்டாலே அடங்கும். பிளாஸ்டரில் கரித்தூள் கலந்தால் பூசணமே வராது என்பார்கள். நான் கலந்தும் பார்த்தேன், கலக்காமலும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கல்லுளி
அடுத்த கூட்டுக்கு ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) எடுங்கள். வீடு கட்டும் இடத்தில் உடைந்த துண்டு கேட்டாலே தருவார்கள். ஸ்க்ரூ டிரைவரால் குடையலாம், நீரை நன்றாக இழுக்கும், நனைந்தால் பிளாஸ்டர் மாதிரி இளகாது. ஈரப் பிளாஸ்டரைக் கட்டெறும்பு பெருகியதும் கடித்துக் குடைந்துவிடும். குடையும்போது தூசி பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்து எறும்பன்
கூட்டை இறக்கிவிட்டேன், பக்கங்களுக்கு டேப் ஒட்டி ஆர்.ஓ. தண்ணீருக்கும் மாறியாயிற்று. கண்ணாடியில் இப்போது குழிப் பக்கம் மட்டும் லேசாக மூட்டம், ஈரமும் நிற்கிறது. ஆனாலும் டியூபை விட்டு வரவில்லையே அண்ணா. தட்டி வெளியே விடலாமா?

புற்றுமண்
தட்டாதீர்கள். குழிப் பக்கம் மட்டும் லேசான மூட்டம் என்றால் அது சரியான அளவு, அப்படியே இருக்கட்டும். டியூபில் இன்னும் தண்ணீர் இருக்கும், அதுதான் காரணம். அவற்றுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. கூட்டின் மேல் கருப்புத் தாள் போட்டு மூடுங்கள், டியூபை எதனாலும் மூடாமல் வெளிச்சத்தில் வையுங்கள், வெயில் நேராகப் படாமல். இருபது எறும்புக்கு அந்தக் கூடு பெரிது. தூரத்து அறைகளைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், ஆனால் திறந்திருக்கும் அறைகளில் ஈரமும் இருக்க வேண்டும், காய்ந்ததும் இருக்க வேண்டும்.

இன்னொன்று: கூட்டு ஈரம் வேறு, குடிநீர் வேறு. இரை டப்பாவில் தண்ணீர் நிரப்பிப் பஞ்சு அடைத்த சின்ன டியூப் ஒன்று எப்போதும் இருக்கட்டும். பிளாஸ்டர் ஒருநாள் காய்ந்தாலும் சமாளித்துக்கொள்ளும்.

சேலத்து எறும்பன்
கருப்புத் தாள் போட்டாயிற்று. இரண்டு எறும்புகள் ஈர அறையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின. ராணி அசையவில்லை.

புற்றுமண்
ராணி உடனே வராது. பெரும்பாலும் வேலைக்கார எறும்புகள் முதலில் புழுவைத் தூக்கி வரும்.