முட்டி வலியோட எடை குறைக்கணும்: நீச்சலா, கோட்டை நடையா?

தறிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் குடியாத்தம், இப்ப வேலூர் சத்துவாச்சாரியில குடியிருக்கேன். வயசு 46, எடை 88 கிலோ. இருபது வருஷம் தறிக்குழியில உக்காந்து மிதிச்ச காலு. படி எறங்கும்போது வலது முட்டி கடக் கடக்னு சத்தம் போடுது. டாக்டர் பத்து கிலோ கொறைக்கச் சொல்லிட்டாரு. வீட்டுக்குக் கொஞ்ச தூரத்துல நீச்சல் குளம் இருக்கு, மாசாமாசம் பணம் கட்டணும். மச்சானோ, "அந்தக் காசை வீட்ல வெச்சிட்டுக் கோட்டையச் சுத்தி நடங்க"ன்றாரு. எது எடையைக் கொறைக்கும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கோட்டைநடை:
மச்சான் சொல்றதுதான் சரி. பதினோரு வருஷமா அகழி ஓரமா நடக்கிறேன். நடுவுல ஒரு வருஷம் டிசம்பர், ஜனவரி ரெண்டு மாசம் நீச்சலுக்குப் போனேன். விடிகாலைத் தண்ணி. ஏறி வந்து தலையைத் துவட்டும்போதே வயித்தைக் கிள்ளும். வெளியே டீக்கடையில மசால்வடை எண்ணெயில கொதிக்கிற சத்தம் கேக்கும். ஒன்னுன்னு ஆரம்பிச்சு நாலுல நிக்கும். ரெண்டு மாசத்துல ஒன்றரை கிலோ ஏறிட்டேன். நடந்துட்டு வந்தா அந்தப் பசி எனக்கு வந்ததே இல்ல.

இது என் ஒருத்தன் கதை மட்டும் இல்ல. 1987-ல அமெரிக்காவுல எடை கூடுன பெண்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. சாப்பாட்டுல கட்டுப்பாடு எதுவும் கிடையாது. நடந்தவங்களும் சைக்கிள் மிதிச்சவங்களும் எளைச்சாங்க, நீந்துனவங்க எளைக்கல.

பாகாயம் பிசியோ:
அண்ணா, அதே மாதிரி இன்னொன்னும் இருக்கு. 2010-ல வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு. 50-லேர்ந்து 70 வயசு வரைக்கும் 116 பெண்கள், ஒரு பாதி நடை, ஒரு பாதி நீச்சல். அதுல நீந்துனவங்க நடந்தவங்களைவிட ஒரு கிலோ அளவுக்குக் கூடுதலா எளைச்சாங்க, இடுப்புச் சுற்றளவும் கொறஞ்சது. ஒரு கிலோதான், பெரிய வித்தியாசம்னு சொல்ல மாட்டேன். ஆனா நீந்துனா எளைக்காதுன்ற பேச்சு நிக்காது.

பசி விஷயத்துல நீங்க சொன்னது நெசம். அதுக்குத் தண்ணியோட குளிர்ச்சி ஒரு காரணம். 2005-ல புளோரிடாவுல 20 டிகிரி தண்ணியிலயும் 33 டிகிரி தண்ணியிலயும் உடற்பயிற்சி பண்ண வெச்சுப் பாத்தாங்க. குளிர்ந்த தண்ணியில இருந்தவங்க அப்புறம் 44 சதவீதம் கூடுதலா சாப்பிட்டாங்க. நீங்க போனது மார்கழிக் குளிர். நம்ம ஊர்ல மே மாசம் சாயங்காலம் குளத்துல கால வெச்சுப் பாருங்க, வெந்நி மாதிரி இருக்கும்.

எனக்கு இங்க கவலையே அவர் முட்டிதான். மார்பு வரைக்கும் தண்ணியில நின்னா உடம்பு எடையில கால்வாசி, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்குதான் காலுக்கு எறங்கும். 88 கிலோ மனுஷனோட மூட்டு அங்க 30 கிலோ கிட்டத்தான் தாங்குது.

காட்பாடி ஓட்டம்:
கணக்கு போட்டுப் பேசுவோம். 88 கிலோ ஆள் ஒரு மணி நேரம் வேகமா நடந்தா சுமார் 380 கலோரி, நிதானமா நீந்துனா 510, மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல ஓடுனா 730. நேரம் இல்லாதவனுக்கு ஓட்டம்தான். அந்த 510-உம் நிக்காம நீந்தத் தெரிஞ்சவனுக்கு. புதுசா கத்துக்கிறவர் ஒரு தரம் குறுக்கே போயிட்டு சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு அஞ்சு நிமிஷம் மூச்சு வாங்குவார். அந்த நேரத்துக்கெல்லாம் யார் கலோரி தர்றது?

பாகாயம் பிசியோ:
தம்பி, கணக்கு சரி, ஆள் தப்பு. சத்தம் போடுற முட்டியோட 88 கிலோவை ஓடச் சொல்லாதீங்க. மூணாவது வாரம் என்கிட்டதான் வந்து படுப்பார். சுவத்தைப் பிடிச்சி நிக்கிறதைப் பத்திச் சொன்னது நியாயம். அதனாலதான் கத்துக்கிற வரைக்கும் தண்ணிக்குள்ளயே நடக்கச் சொல்வேன். மார்பளவுத் தண்ணியில முன்னப் பின்ன இருபது நிமிஷம் நடந்து பாக்கட்டும், தொடை சொல்லும்.

அணைக்கட்டு கிணறு:
காசு கட்டி எதுக்குப் போகணும்? எங்க ஊர்ப் பக்கம் கிணத்துல சுரைக்குடுக்கையைக் கட்டிக்கிட்டுத்தான் எல்லாரும் கத்துக்கிட்டோம். 2021 நவம்பர்ல பாலாறு கரை பெரண்டு ஓடுனப்ப எங்க கிணறெல்லாம் வாய் வரைக்கும் நிறைஞ்சிச்சு. நீரில்லாத ஆறுன்னு கேலி பேசுற ஊர்ல அதைக் கண்ணால பாத்தோம். அண்ணன் வரட்டும், நான் சொல்லித் தர்றேன்.

சத்துவாச்சாரி டீச்சர்:
தம்பி, மனசு நல்ல மனசு. ஆனா 46 வயசுல புதுசா கத்துக்கிறவரைக் கிணத்துல எறக்காதீங்க. பாசி பிடிச்ச படி, நிக்க எடமில்லாத ஆழம், கால் பிடிச்சிக்கிட்டா தூக்க நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க. நானும் கிணத்துல கத்துக்கிட்டவதான், அதனால சொல்றேன்.

இன்னொன்னு, யாரும் பேசாதது. எனக்கு 54. நான் போன குளத்துல பெண்களுக்கு ஒரே ஒரு மணி நேரம், அதுவும் பள்ளிக்கூட நேரத்துல. நடக்கிறதுக்கு யாரையும் நேரம் கேக்க வேண்டியதில்ல. அதோட எலும்பு. தரையில எடையைத் தாங்கி நடக்கிறப்பதான் எலும்புக்கு வலு. மாதவிலக்கு நின்ன பெண்கள் நீச்சலை மட்டும் நம்பக் கூடாது.

கோட்டைநடை:
டீச்சரம்மா சொன்னதை அப்படியே ஒத்துக்கிறேன். முட்டிக்குத் தண்ணி நல்லதுன்னு பிசியோம்மா சொன்னதையும் மறுக்கல. என் பேச்சு ஒன்னுதான்: ஏறி வந்ததும் என்ன சாப்பிடப் போறார்? ரெண்டு பரோட்டா, சால்னான்னு உக்காந்தா அந்த 510 அங்கயே போச்சு.

காட்பாடி ஓட்டம்:
அவிச்ச வேர்க்கடலை கொண்டு போகலாமே?

பாகாயம் பிசியோ:
ஒரு கைப்பிடி போதும். 100 கிராம் அவிச்ச கடலையே 300 கலோரி தாண்டும். கொண்டைக்கடலை சுண்டல் ஒரு கிண்ணம் இன்னும் நல்லது. குளத்துக்குக் கெளம்புறதுக்கு முன்னாடியே டப்பாவுல எடுத்து வெச்சிடுங்க, பசி வந்தப்புறம் யோசிக்கக் கூடாது. நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90 செ.மீ. தாண்டுனாலே எச்சரிக்கை. அதனால தராசை விட்டுட்டு டேப்பைப் பாருங்க.

தறிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு மாசத்துக்குப் பணம் கட்டிட்டேன். வாரத்துல மூணு நாள் குளம், மிச்ச நாள்ல மச்சானோட கோட்டை. இன்னிக்கு மொத நாள். நீந்த வரல, மார்பளவுத் தண்ணியில நடந்தேன். பதினெட்டாவது நிமிஷத்துல தொடை நடுங்குச்சு. வெளிய படி ஏறுனேன், எறங்குனேன், முட்டியில சத்தமே இல்ல. ஏறுனதும் பசி வந்தது உண்மை, சுண்டல் டப்பா கையில இருந்திச்சு. இடுப்பு இன்னிக்கு 104 செ.மீ. ரெண்டு மாசம் கழிச்சு அதே டேப்பால அளந்து இங்கயே போடுறேன்.