செயல்சார் இரும்புக் குறைபாடா, இரும்பு முடக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். உடம்பில் இரும்பு இருந்தும் ரத்தம் உண்டாக்கப் பயன்படாமல் போகும் நிலையை ஆங்கிலத்தில் functional iron deficiency என்கிறார்கள். அதற்கு ‘இரும்பு முடக்கம்’ என்று எழுதலாம் என்றேன். நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இதோ பதில்.

> ‘செயல்சார் இரும்புச்சத்துக் குறைபாடு’ புழக்கத்தில் இருக்கிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, கேள்வி நியாயமானது. கோத்தகிரியில் எங்கள் மருந்துக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

தேயிலை பறிக்கப் போகும் ஓர் அக்கா. மார்பகப் புற்றுநோய்க்குக் கோவையில் கீமோ எடுத்து வருகிறார். ரப்பர் பேண்டு போட்ட காலி மாத்திரை அட்டைகளைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று மாத இரும்பு மாத்திரை. வயிற்றைப் பிரட்டினாலும் மலம் கறுத்து இறுகினாலும் ஒன்றுகூட விடாமல் விழுங்கியிருக்கிறார். ஹீமோகுளோபின் 8.6-ஐத் தாண்டவில்லை.

“டீ குடிச்சுட்டே போட்டேனுங்க, அதனாலயா?” என்று ஏதோ தப்புச் செய்தவர் போலக் கேட்டார். தேநீரிலுள்ள டானின் இரும்பைக் குடலில் சேரவிடாது என்பது உண்மைதான். மாத்திரைக்கும் டீக்கும் ஓரிரு மணி நேர இடைவெளி வேண்டும். ஆனால் அவர் சிக்கல் வேறு. ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு, 340. அது குறைவில்லை. இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரினோ 12 விழுக்காடுதான் நிறைந்திருந்தது.

“இரும்பு இருக்குங்கறீங்க, கொறபாடுன்னும் சொல்றீங்க. எதுங்க சரி?”

இந்தக் கேள்விக்குச் ‘செயல்சார்’ என்ற சொல்லில் விடை இல்லை. நடப்பது இதுதான்: அழற்சி வந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்று உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது. எதிரி வருகிறான் என்றதும் களஞ்சியத்தைப் பூட்டுவது போல. புற்றுநோயின் அழற்சியிலும் அதே பூட்டு விழுகிறது. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் போகும் வாசலும், சேமித்து வைத்த செல்களிலிருந்து அது வெளியே வரும் வாசலும் ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரே புரதம்தான். ஹெப்சிடின் அதைச் சிதைத்துவிடுகிறது. மாத்திரை குடலோடு நின்றுவிடுகிறது.

இதைச் சொன்னதும் அவர், “குடோன் நெறய தூள் கெடக்குது, லோடு ஏறலைங்கற மாதிரிங்களா?” என்றார். அதேதான். சரக்கு முடங்கிக் கிடக்கிறது. அதனால்தான் ‘இரும்பு முடக்கம்’ என்கிறேன். உண்மையிலேயே இரும்பு தீர்ந்துபோன நிலைக்கு ‘இரும்புப் பற்றாக்குறை’ இருக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மருத்துவமும் விளங்கிவிடும். பற்றாக்குறை மட்டும் இருந்து அழற்சி இல்லையென்றால் மாத்திரை போதும். முடக்கம் என்றால் குடல் வாசலை நம்பாமல் சிரைவழி, அதாவது ரத்தக் குழாயில் டிரிப்பாக, கொடுப்பதே பலன் தரும். ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் 2018 வழிகாட்டியும் ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் பிரிக்கிறது.

> ‘இரும்புத் தேக்கம்’ இன்னும் எளிதாக இல்லையா?

அம்மா, அந்தச் சொல்லை வேறொன்றுக்கு வைத்திருக்க வேண்டும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு. திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றினால் உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும். அதுதான் தேக்கம். ஒரே சொல் இரண்டுக்கும் நின்றால், இரும்பே கொடுக்கக் கூடாதவருக்கு யாராவது கொடுத்துவிடுவார்கள். ‘முடக்கம்’ என்றதும் முடக்குவாதம் நினைவுக்கு வருகிறது என்றீர்கள். தனியே ‘முடக்கம்’ என்று எழுதாமல் எப்போதும் ‘இரும்பு’ சேர்த்தே எழுதினால் அந்தக் குழப்பம் வராது.

‘சிரைவழி இரும்பு’ எழுத்துக்குச் சரி. பேச்சில் ‘இரும்பு டிரிப்’ என்றே சொல்வோம். வெறுமனே ‘இரும்பு ஊசி’ என்றால் இடுப்பில் போடும் ஊசி என்று பயப்படுகிறார்கள். அப்புறம், டிரிப்பில் ஏற்றும் இரும்பு மருந்துகளில் சுக்ரோஸ் வகையைப் பல தடவையாகப் பிரித்து ஏற்ற வேண்டும், கார்பாக்ஸிமால்டோஸ் வகையில் 1000 மில்லிகிராம் வரை கால் மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். ஏற்றிய பின் அரை மணி நேரம் ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க வேண்டும். கீமோ எடுத்த உடம்போடு மலைப்பாதையில் பஸ் ஏறி இறங்குகிறவருக்கு, ஒரே தடவையில் முடிவது பெரிய விஷயம்.

ஃபெரிட்டினுக்கு ‘இரும்பிருப்பு’ என்ற தமிழ்ச் சொல் வேண்டாம் என்றே நினைக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் நாக்குத் தடுக்குகிறது. அதைவிட முக்கியம், ஃபெரிட்டின் அழற்சியாலும் ஏறும். அந்த அக்காவின் 340 முழுவதும் இருப்பு என்று சொல்லிவிட முடியாது. ஃபெரிட்டின் என்றே விட்டுவிடுவோம்.

அன்புடன்,
கோத்தகிரி மருந்தாளுநர்