கோயில் ஷெட்டில் பட்டறை: ஜெயிலிலிருந்து வரும் பையன்களுக்கா, நம் தெருப் பையன்களுக்கா?

வெல்டர் தாத்தா, சாட்ஸ்வொர்த்:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே டர்பனில் நம் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு ஷெட் பூட்டிக் கிடக்கிறது. ஜெயிலில் வெல்டிங் கற்று வெளியே வரும் பையன்களுக்கு அதைப் பட்டறையாக்கலாம் என்று கமிட்டியில் நான்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை முடிவு. உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் கடைக்காரன்:
ஐயா, கோபிக்காதீர்கள், எனக்கு இதில் சம்மதம் இல்லை. போன வருஷம் என் கடைக்குள் கத்தியோடு புகுந்தவர்களில் மூத்தவனுக்கே இருபது வயது இருக்காது. போன பணம் போகட்டும். இருட்டிவிட்டால் என் மனைவி இன்றைக்கும் கல்லாவில் உட்கார மாட்டாள். என் மகன் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு, முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறான். நம் தென்னாப்பிரிக்காவில் 15 முதல் 24 வயதுக்குள் வேலை தேடுகிறவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஆறு பேருக்கு வேலை இல்லை. அவனுக்கு யார் பட்டறை வைத்தார்கள்? தப்பே செய்யாதவன் கடைசி வரிசையில் நிற்க வேண்டுமா?

வெல்டர் தாத்தா, சாட்ஸ்வொர்த்:
உங்கள் ஆத்திரம் நியாயம்தான் தம்பி. ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். சுகர்ஸ் என்கிற போதைப்பொருள் பழக்கம், அதற்காகத் திருட்டு, அப்புறம் ஜெயில். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தான். இரும்பைப் படுக்கையாக வைத்துக் கொடுத்தேன், மீன் செதில் மாதிரி அழகாகப் பற்றவைத்தான். அதையே நிமிர்த்தி வைத்தேன். உருகினதெல்லாம் கீழே வழிந்துவிட்டது. பையன் தலையை நிமிர்த்தவே இல்லை.

அவன் இருந்த இடத்தில் எலக்ட்ரோடை, அதாவது பற்றவைக்கும் குச்சியை, எண்ணிக் கொடுத்து, எரிந்த மிச்சத்தையும் எண்ணி வாங்குவார்களாம். மூன்று மணிக்கெல்லாம் உள்ளே போட்டுப் பூட்டிவிடுவார்களாம். அப்படியிருந்தால் கை எப்படிப் பழகும்? ரெட் சீல் என்கிற தொழில் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமானால் பாடம் மட்டும் போதாது, வெளியே வேலைத்தளத்தில் வேலை பார்த்த பதிவும் வேண்டும். அந்தப் படியில்தான் இவர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

டோங்காட் பேக்கரி:
நான் ஒருவனை வைத்துப் பார்த்தவன். ரொட்டி நன்றாகத்தான் போட்டான். மூன்றாம் மாதம் வசூல் பணத்தோடு போய்விட்டான். இன்னொருவனை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

மியர்பேங்க் டீச்சர்:
சட்டம் சொல்வதையும் பார்த்துவிடுவோம். 24 மாதத்துக்கு மேல் தண்டனை பெற்றவருக்குத்தான் பயிற்சி, படிப்பு எல்லாம் சேர்ந்த தண்டனைத் திட்டம் போட வேண்டும் என்கிறது சிறைச் சட்டம். குறைந்த தண்டனைக்காரனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சின்னத் திருட்டுக்குப் போனவன் பல நேரம் ஒன்றும் கற்காமலேயே திரும்புகிறான்.

அப்புறம் குற்றப் பதிவு. 2008ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயதுக்குள் செய்த லேசான குற்றம் என்றால் 5 ஆண்டு கழித்துப் பதிவை அழிக்க விண்ணப்பிக்கலாம். அதைவிடக் கடுமையான அடுத்த பட்டியல் குற்றங்களுக்கு 10 ஆண்டு. கத்தி காட்டிக் கொள்ளையடித்தால் அந்த வழியே கிடையாது. கடைக்காரர் அண்ணா, உங்கள் கடைக்கு வந்தது மாதிரியான ஆட்களுக்குச் சட்டம் சலுகை காட்டவில்லை. ஆனால் லேசான குற்றம் செய்தவன்கூட அந்த ஐந்து வருஷம் எதைச் சாப்பிடுவான்?

பீனிக்ஸ் கடைக்காரன்:
டீச்சர், என் மகன் எதைச் சாப்பிடுகிறான் என்றும் கேளுங்கள். ஷெட் கோயிலுடையது. நாங்கள் உண்டியலில் போட்ட பணத்தில் கட்டியது.

வெல்டர் தாத்தா, சாட்ஸ்வொர்த்:
சரி, பாதி இடம் நம் தெருப் பிள்ளைகளுக்கு. பெயர் எழுதும்போது உங்கள் மகன்தான் முதல். டோங்காட் தம்பி, பணத்துக்கும் சாமானுக்கும் நான் பொறுப்பு, சாவி என்னிடம் இருக்கும்.

பீனிக்ஸ் கடைக்காரன்:
மகனை அனுப்புகிறேன். மற்றதற்கு ஞாயிற்றுக்கிழமை கை தூக்க மாட்டேன் ஐயா. என் மனைவி முகத்தை நான் பார்க்க வேண்டும்.

வெல்டர் தாத்தா, சாட்ஸ்வொர்த்:
தூக்க வேண்டாம் தம்பி. கூட்டத்துக்கு மட்டும் வாருங்கள். அந்தப் பையன் இப்போது நிமிர்த்தி வைத்தும் பற்றவைக்கிறான். கோயில் கேட்டில் விட்டுப்போன கீலை அன்றைக்கு அவன்தான் போடப் போகிறான்.