நெட்வொர்க்கிங் அறிமுகப் பாடம்: ஏழு லேயரில்தான் தொடங்க வேண்டுமா?

கேபிள்காரன்:
அறிமுகப் பாடத்தின் முதல் சில வாரங்கள் கணினிகள் பேசிக்கொள்ளும் வேலையை அடுக்குகளாகப் பிரிக்கும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு லேயரை ஒப்பிப்பதிலேயே கழிகின்றன. இது வீண் என்பது என் கட்சி. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ அந்த மாடலைத் தரமாக வெளியிட்டது 1984-ல். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் 1983 ஜனவரி 1-லேயே இன்றைய இணையம் ஓடும் டிசிபி/ஐபி நெறிமுறைகளுக்கு மாறிவிட்டது. அந்த ஏழில் ஒன்றான செஷன் லேயர் இன்று தனியாக எங்கே இருக்கிறது? வினாத்தாளில்தான்! முதல் வகுப்பிலேயே, நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து ஒரு இணையப் பக்கத்தைக் கேட்கச் சொல்லுங்கள். தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வி போகும், பதில் வரும், பிறகு டிசிபி இணைப்பைத் தொடங்கும் மூன்று செய்திகள்: சின், சின்-ஆக், ஆக். கண்ணால் பார்த்தது மறக்காது.

பழைய வாத்தியார்:
பார்ப்பார்கள், சரி. என்னத்தைப் பார்ப்பார்கள்? இன்று பெரிய தளங்கள் பலவற்றைத் திறந்தால் பிரவுசர் டிசிபிக்குப் பதிலாக க்விக் என்ற நெறிமுறையில்தான் பேசும். அது ஓடுவது இணைப்பு ஏற்படுத்தாமலே அனுப்பும் யுடிபி-யின் மேல், போர்ட் 443-ல். உள்ளே இருப்பது அத்தனையும் குறியாக்கம் செய்யப்பட்டது. நீங்கள் காட்ட நினைத்த சின் அங்கே வரவே வராது. அப்புறம், ஒரு பாக்கெட்டை விரித்தால் வயர்ஷார்க்கே ஈதர்நெட், ஐபி, டிசிபி என்று அடுக்கடுக்காகத்தானே காட்டுகிறது? லேயர் தெரியாதவன் அதை எப்படிப் படிப்பான்?

கேபிள்காரன்:
லேயரே வேண்டாம் என்று யார் சொன்னது? ஏழு வேண்டாம் என்கிறேன். இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் எத்தனையாவது லேயர், சொல்லுங்கள் பார்ப்போம். க்விக்கைச் சொன்னீர்களே, 2021-ல் தரமான அந்த நெறிமுறை குறியாக்கம், தொலைந்ததைத் திரும்ப அனுப்புவது, நெரிசல் கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து வைத்திருக்கிறது. உங்கள் படத்தில் அதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? சின்னைக் காட்ட லேபில் இரண்டு கணினியும் குறியாக்கம் இல்லாத ஒரு எச்டிடிபி சர்வரும் போதும்.

சப்நெட் கிறுக்கன்:
இரண்டு பேரும் வாசலிலேயே நின்று சண்டை போடுகிறீர்கள். வீட்டுக்குள் இருப்பது நெரிசல். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரம், நொடிக்கு 32 கிலோபிட் ஓடிய இணைப்பு 40 பிட்டாகப் படுத்துவிட்டது. கிலோபிட் இல்லை சார், பிட். கேபிள் அறுந்ததால் அல்ல. பாதை நிரம்பியிருந்தபோதும் அனுப்புகிறவர்கள் வேகத்தைக் குறைக்கவில்லை. தேவையில்லாமல் திரும்ப அனுப்பியதில் அது இன்னும் நிரம்பியது. மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டும் ஸ்லோ ஸ்டார்ட் உள்ளிட்ட திருத்தங்களை விளக்கி அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் 1988-ல் எழுதினார். டிசிபி ஏன் தயங்கித் தயங்கி வேகம் எடுக்கிறது என்று இதைச் சொல்லாமல் எப்படிப் புரியவைப்பது? பல இடங்களில் இது கடைசி யூனிட்டில், நேரம் இருந்தால் மட்டும்.

பழைய வாத்தியார்:
நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் விண்டோ (ஒப்புதல் வருமுன் அனுப்பக்கூடிய அளவு), ஆர்டிடி (போய் வரும் நேரம்), டைம்அவுட் (திரும்ப அனுப்பும்முன் காத்திருக்கும் நேரம்) மூன்றும் தெரிந்த பிறகுதானே அது விளங்கும்? முதல் வாரத்தில் சொன்னால் வெறும் துணுக்கு. பாடத்தில் இடம் வேண்டுமானால், ஐபி முகவரிகளை வேண்டிய அளவில் பிரிக்கும் சிஐடிஆர் 1993-லேயே வந்த பிறகும் விடாமல் நடத்தும், மூன்று நிலையான அளவுகளில் பிரிக்கும் பழைய ஏ, பி, சி கிளாஸ் கணக்கைத் தூக்குங்கள், முழு ஆதரவு தருகிறேன். லேயரைத் தொடாதீர்கள். மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் ஐபி முகவரிக்குப் போகிறது, தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் கேபிளை ஆட்டிப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ்ஸைப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கம் லேயர் தந்தது.

கேபிள்காரன்:
அந்தப் பழக்கத்துக்கு ஐந்து லேயர் தாராளம். தேர்வில் வயர்ஷார்க் பதிவு செய்த ஒரு கேப்ச்சரைக் கொடுத்து, பக்கம் ஏன் தாமதமாக வந்தது என்று கேளுங்கள். யார் படித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

பழைய வாத்தியார்:
கேட்கலாம். ஒரு வகுப்பே ஆளுக்கொரு விதமாக எழுதி வைக்கும் விடைகளைத் திருத்த நீங்கள் வருவீர்களா?