தெரு முழுவதையும் பாரம்பரியப் பகுதியாக்கச் சொல்லும் மனு: கையெழுத்துப் போடவா?

மூலைவீடு:
எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பழைய வீடுகள். அதில் ஒன்றைக் கட்டுமானக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். இடித்துவிட்டு நான்கு மாடி, எட்டுக் குடும்பங்களுக்கான வீடுகள் கட்டப் போகிறாராம். குடியிருப்போர் சங்கம் பதறிப்போய், தெரு முழுவதையும் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கக் கேட்டு மனு எழுதியிருக்கிறது. அந்த வீட்டின் முகப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் என் மகள் இதே பகுதியில் வாடகைக்கு வீடு தேடிச் சலித்துப்போய் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என்ன செய்ய?

கரணை:
பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்வேன் என்று நினைக்காதீர்கள். மனு எதைக் காக்கச் சொல்கிறது? ஒரு கட்டடத்தையா, தெருவின் உயரத்தையா, இல்லை இப்போது இருக்கிறவர்கள் மட்டுமே இருக்கட்டும் என்பதையா? மூன்றாவதுதான் என்றால் அதற்குப் பாரம்பரியத்தை இழுக்க வேண்டாம்.

நியூயார்க்கில் 1963-ல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1965-ல் பாரம்பரியக் கட்டடச் சட்டம் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட விடவில்லை என்று உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் தோற்றார்கள். ஆனால் அங்கே கட்ட முடியாத பரப்பை அக்கம்பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள நகரம் வழி வைத்திருந்தது. உங்கள் மனுவில் அப்படி ஒரு வரியாவது உண்டா? இங்கே வேண்டாம் என்றால் எட்டு வீடுகளை எங்கே கட்டலாம் என்றும் சொல்ல வேண்டும்.

நாலாவதுமாடி:
அந்த எட்டுக் குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை வந்து பேச முடியாது, இன்னும் குடிவரவே இல்லையே. கூட்டத்தில் சொந்த வீட்டுக்காரர் குரல்தான் கேட்கும். நான் போட மாட்டேன்.

மூலைவீடு:
புது வீடுகளின் வாடகையும் என் மகளுக்கு எட்டாது. அதுதான் குழப்பம்.

நாலாவதுமாடி:
எட்டாதுதான். ஆனால் வசதி உள்ளவருக்குப் புது வீடு கிடைக்காவிட்டால், உங்கள் மகள் பார்க்கும் பழைய வீட்டுக்குத்தான் அவரும் வந்து நிற்பார்.

கரணை:
இது சரிதான். இன்னொன்று, 'காப்பாற்ற முடியாத நிலை' என்று கட்டுமானக்காரரின் பொறியாளர் எழுதிக் கொடுத்தால் அதோடு விடாதீர்கள். சங்கம் தனியாக ஒருவரைக் கூட்டிவரட்டும். சுண்ணாம்புச் சுவரில் பின்னாளில் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் காரை உதிரும். பார்க்கப் பயமாக இருக்கும், பல நேரம் பூச்சை உரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இடிப்பதைத் தவிர வழியே இல்லை என்றாலும் இயந்திரம் வைத்து நொறுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1916 வரை கட்டிய வீடுகளைக் கையால் பிரித்தெடுக்க வேண்டும் என்று 2016-ல் விதி வந்தது. பிறகு அதை 1940 வரை கட்டியவற்றுக்கும் நீட்டினார்கள். சுண்ணாம்பில் கட்டிய செங்கல் தட்டினால் முழுசாகக் கழன்று வரும், சிமென்டில் கட்டியது உடையும்.

மூலைவீடு:
மனுவை வாங்கிப் படித்துவிட்டேன். முகப்பு பற்றி ஒரு வரி, கார் நிறுத்த இடம் போய்விடும் என்று ஒரு முழுப் பக்கம்! கரணை, முன்கட்டை விட்டுவிட்டுப் பின்கட்டில் மாடி எழுப்பச் சொல்லி, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தனி மனு கொடுக்கலாமா?

கரணை:
கொடுக்கலாம். மனையின் ஆழத்தை அளந்து போடுங்கள், எத்தனை வீடு தேறும் என்று பார்க்கலாம்.