கலைச்சொல்: கிட்டாரில் ‘பெண்ட்’ – வளைப்பா, உந்தலா, இழுப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஆல்பர்ட் கிங் பற்றிய கட்டுரை ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள மெட்டு) அழுத்திய விரலை எடுக்காமல், தந்தியைப் பக்கவாட்டில் நகர்த்திச் சுருதியை ஏற்றுவதை ப்ளூஸ்காரர்கள் ‘பெண்ட்’ என்கிறார்கள். வரைவில் ‘தந்தி வளைத்தல்’ என்று இருக்கிறது. வளைவது கண்ணுக்குத் தெரிகிற விஷயம்தான். ஆனால் காதில் விழும் ஏற்றத்தை அந்தச் சொல் தொடவே இல்லை.

என் பரிந்துரை ‘உந்தல்’. சிலப்பதிகாரம் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எட்டுக் கரணங்களைச் சொல்லும்போது வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்று வரிசை தொடங்குகிறது. கிட்டாரில் மெல்லிய மூன்று தந்திகளைப் பெரும்பாலோர் மேல்நோக்கித் தள்ளித்தான் சுருதி ஏற்றுகிறார்கள். செயலுக்குச் சொல் அப்படியே பொருந்துகிறது. பழஞ்சொல் ஒன்று மறுபடி புழக்கத்துக்கு வரும்.

* * *

> செயலுக்குச் சொல் அப்படியே பொருந்துகிறது

மற்றவர்கள் கைக்குப் பொருந்தலாம் ஐயா, ஆல்பர்ட் கிங் கைக்குப் பொருந்தாது. அவர் இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களுக்காகக் கட்டிய கிட்டாரைத் தந்தி மாற்றாமல் தலைகீழாகப் பிடித்தவர். மெல்லிய தந்தி மேலே, தடித்த தந்தி தரையைப் பார்த்துக் கீழே. அதனால் அவர் தள்ளவில்லை. விரல்களை உள்ளங்கைப் பக்கம் மடக்கிக் கீழ்நோக்கி இழுத்தார். ‘வி’ எழுத்து வடிவில் உள்ள கிப்ஸன் ஃப்ளையிங் வி கிட்டார் அவருக்கு வாகாக அமைந்ததற்கும் இதுதான் காரணம். அதன் உடல் இரு பக்கமும் ஒரே அளவு. திருப்பிப் பிடித்தாலும் மேல் ஃபிரெட்கள் கைக்கு எட்டும்.

1983 டிசம்பரில் கனடாவின் ஹாமில்டன் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் வலக்கைக் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் அவரோடு சேர்ந்து வாசித்த பதிவைப் பாருங்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் இசைத்தொடரை ஒருவர் தள்ளி வாங்குகிறார், மற்றவர் இழுத்து வாங்குகிறார். வாசிப்பவரின் உடலை வைத்துப் பார்த்தால் திசை எதிரெதிர். கிட்டாரின் கழுத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே: மெல்லிய தந்தி தடித்த தந்திகளின் பக்கம் போகிறது. ஆகவே மேல், கீழ், தள்ளு என்று திசை ஒட்டிய எந்தச் சொல்லும் வேண்டாம். இன்னொன்று, உரைகாரர்கள் சொல்லும் உந்தல் நரம்பின் வலிவு மெலிவு அறியும் செயல். யாழில் ஃபிரெட்டே கிடையாது. அந்தச் சொல்லை அதன் இடத்திலேயே விட்டுவிடுவோம்.

நடப்பது இழுவிசை மாற்றம். ஒரு முழுச்சுரம் (இரண்டு அரைச்சுரம், அதாவது இரண்டு ஃபிரெட் தூரம்) ஏற, தந்தியின் இழுவிசை 26 விழுக்காடு கூட வேண்டும். ஒன்றரைக்கு 41, இரண்டு முழுச்சுரத்துக்கு 59. ஆல்பர்ட் கிங் இரண்டு முழுச்சுரம் வரை சர்வசாதாரணமாகப் போவார். வலுவான கை மட்டும் போதாது. சுருதியைத் தாழ்த்திக் கட்டியிருந்தார். மூன்று அரைச்சுரம் தாழ்த்தினால் அதே தந்தியின் இழுவிசை ஏறக்குறைய 71 விழுக்காடாகிவிடும். தளர்ந்த தந்தியைக் கொஞ்சம் நகர்த்தினாலே நிறைய ஏறும். தள்ளினாலும் இழுத்தாலும் தந்தி நீள்கிறது, இறுகுகிறது. எனவே ‘இழுப்பு’. வீணையில் தந்தியை ‘இழுத்து வாசி’ என்றுதானே சொல்கிறோம்?

* * *

> எனவே ‘இழுப்பு’

காரணம் ஒப்புக்கொள்ளத்தக்கது. சொல்லில் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘இழுப்பு’ என்றதும் மூச்சிரைப்பும் வலிப்பும்தான் முதலில் நினைவுக்கு வரும். யாழ் மரபை ஒட்டி ‘நரம்பிழுப்பு’ என்று எழுதினால் கேட்கவே வேண்டாம், மருத்துவக் குறிப்பு ஆகிவிடும். ‘தந்தியிழுப்பு’ என்று முன்னொட்டோடு பதிந்தால் குழப்பம் இல்லை.

ஆனால் ஒரு கலைச்சொல் குட்டி போட வேண்டும். சோதித்துப் பார்த்தேன். அரை இழுப்பு, முழு இழுப்பு, ஒன்றரை இழுப்பு, இரட்டை இழுப்பு எல்லாம் சரி. மீட்டுவதற்கு முன்பே இழுத்து வைத்துக்கொண்டு, மீட்டிய பின் இறக்குவது ‘முன்னிழுப்பு’. இழுத்ததை இறக்குவது ‘தளர்வு’. ‘விடுப்பு’ வேண்டாம், அது அலுவலகச் சொல். சிக்கல் கால்சுரத்தில்தான். ‘கால் இழுப்பு’ என்று எழுதினால் காலில் தசைப்பிடிப்பு என்றே படிப்பார்கள். அதற்கு ‘நுண்ணிழுப்பு’ சொல்கிறேன்.

இந்த நுண்ணிழுப்பைத் தனிப்பதிவாக வைக்கக் காரணம் உண்டு. ப்ளூஸின் உயிரே அதில் இருக்கிறது. மேற்கத்திய சுரமான ஏ-வை ஆதாரமாகக் (ஸட்ஜமாகக்) கொண்ட பாட்டில், வழக்கமான சுருதியில் கட்டிய கிட்டாரின் மெல்லிய தந்தியில், 8ஆவது ஃபிரெட் சி, அதாவது சாதாரண காந்தாரம். அதைச் சற்றே இழுத்து அந்தர காந்தாரத்துக்குப் போகாமல் நடுவில் நிறுத்துவார்கள். முழுதாக ஏற்றிவிட்டால் ப்ளூஸ் போய்விடும். 10ஆவது ஃபிரெட் டி, மத்யமம். முழு இழுப்பில் பஞ்சமம், ஒன்றரையில் சுத்த தைவதம், இரட்டையில் சதுச்ருதி தைவதம். விரல் இருப்பது ஒரே ஃபிரெட், கேட்பது நான்கு ஸ்வரம். 1968 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபில்மோர் அரங்கில் பதிவான ‘லைவ் வயர் / ப்ளூஸ் பவர்’ இசைத்தட்டைக் கேட்டால் இந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே எவ்வளவு நேரம் அவர் நிற்கிறார் என்பது புரியும். விரைவு காட்டுவதே இல்லை. ஒரு இழுப்பு, ஒரு மௌனம், மறுபடி அதே ஸ்வரம் வேறு உயரத்தில்.

* * *

தந்தியிழுப்பு, முன்னிழுப்பு, தளர்வு, நுண்ணிழுப்பு நான்குக்கும் என் ஒப்புதல். ‘வளைவு’ வீணாகப் போக வேண்டாம். மின்விசைப்பலகையில் சக்கரம் உருட்டிச் சுருதி மாற்றுவதற்குச் ‘சுருதி வளைவு’ என்று வைத்துக்கொள்ளலாம், அங்கே தந்தியே இல்லை. விரலைத் தந்தி வழியே நகர்த்துவது இழுப்பு அல்ல, ‘ஜாரு’. கலைச்சொல் பதிவில் இதை ஒரு வரியில் பிரித்துக் காட்டவும்.

பிழைகளையும் சேர்த்தால் கற்பவருக்கு உதவும். இழுத்த ஸ்வரம் உச்சியில் திடீரென்று செத்துப்போனால், விரல்பலகையின் குறுக்கு வளைவு அதிகம், அல்லது தந்தி மிகத் தாழ்ந்திருக்கிறது. நகர்ந்த தந்தி அடுத்த ஃபிரெட்டில் உரசுகிறது. கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்கும் குதிரையைச் சற்று உயர்த்தினால் தீரும். தளர்ந்த பின் சுருதி கலைந்து நின்றால், கழுத்து முனையிலுள்ள நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொள்கிறது. பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் தேய்த்தால் வழுக்கும். விரலடியில் தந்தி நழுவினால் ஒற்றை விரலால் இழுக்கிறார்கள் என்று பொருள். மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற இரண்டையும் அதே தந்தியில் துணைக்கு வைக்க வேண்டும்.

பதிவுக்கான வரி: ‘தந்தியிழுப்பு – அழுத்திய தந்தியை ஃபிரெட்டின் மேலேயே பக்கவாட்டில் நகர்த்தி, அதன் இழுவிசையைக் கூட்டிச் சுருதியை ஏற்றுதல்.’ ‘தள்ளி’ என்றும் எழுதவில்லை, ‘இழுத்து’ என்றும் எழுதவில்லை. ஆல்பர்ட் கிங்குக்கும் ஸ்டீவி ரே வானுக்கும் ஒரே வரி போதும்.